வாய்மொழித் தேர்வுக்கு மறுநாள்

காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அறையிலேயே கிடந்திருக்கலாம் என்று பெனிட்டாவுக்குத் தோன்றியபோது பேருந்தின் கதவு மூடிக்கொண்டுவிட்டது. தோன்றிய கையோடு வெட்கமாகவும் இருந்தது. இவள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்தப் பிள்ளை மர ஆலை நிறுத்தத்தில் நிற்பாள், அல்லது நிற்கமாட்டாள். இவளுக்குக் காய்ச்சல் வந்தால் அதைக் கண்ணால் பார்க்காமல் தப்பிக்கலாம், அவ்வளவுதான் லாபம். சன்னலோரம் உட்கார்ந்தாள். இருக்கைக்கு அடியிலிருந்து வந்த சூடு காலைச் சுட்டது, முழங்காலுக்கு மேலே குளிர் குளிராகவே இருந்தது. கண்ணாடி முழுக்க ஆவி. கையுறையால் துடைத்தால் வெளியே பனி, வயலும் வரப்பும் கூரையும் ஒரே வெள்ளையாக, எது எங்கே முடிகிறதென்று தெரியாமல். தூத்துக்குடியில் உப்பளத்து ஓரமாகப் போகும்போதும் இப்படித்தான் கண் கூசும். அங்கே வெள்ளை என்றால் வெக்கை. ஜப்பானின் வடக்கே, மலைகளுக்கு நடுவில் இருக்கிற இந்தச் சின்ன ஊருக்கு அவள் வந்தது ஆகஸ்டில். இது டிசம்பர். இன்னும் உடம்பு வெள்ளையைப் பார்த்தால் வேர்க்கத் தயாராகி ஏமாந்துபோகிறது. உடம்புக்கு யார் மொழிபெயர்த்துச் சொல்வது. நேற்று அந்தப் பிள்ளை சொன்னதற்கு மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை. சுத்தமான இங்கிலீஷ். அதுதான் பயமே.

பாளையங்கோட்டையில் ஆங்கில இலக்கியம் முடித்த கையோடு, புதிதாகப் பட்டம் வாங்கியவர்களை வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பும் ஒரு திட்டத்தில் தேர்வானவள் அவள். உதவி ஆசிரியை, கூடவே கலாச்சாரப் பரிமாற்றம். பரிமாற்றம் என்றால் என்ன என்று வந்த புதிதில் அவளுக்குப் பெரிய பெரிய எண்ணங்கள் இருந்தன. நடந்தது என்னவென்றால், ஒருநாள் சேலை கட்டிக்கொண்டு போய் நின்றாள், பிள்ளைகள் கை தட்டினார்கள். யானை மேல் ஏறித்தான் கல்லூரிக்குப் போனாயா என்று ஒருவன் கேட்டான், இல்லை, டவுன் பஸ் என்றாள், அவன் முகம் வாடிப்போயிற்று. மற்றபடி வகுப்பில் தகஹாஷி சென்செய்க்குப் பக்கத்தில் நின்று பாடத்தை உரக்கப் படிப்பது, பிள்ளைகள் திருப்பிச் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பது. சென்செய் என்றால் வாத்தியார். தகஹாஷி ஐம்பதைத் தாண்டியவர், இங்கிலீஷை முட்டையைத் தூக்குகிறமாதிரி பார்த்துப் பார்த்துப் பேசுகிறவர். முதல் நாளே காப்பி போட்டுக் கொடுத்துச் சொன்னார், எங்கள் பிள்ளைகள் இங்கிலீஷைக் கண்டால் நடுங்குவார்கள், எது சொன்னாலும் நீங்கள் சிரியுங்கள், எது சொன்னாலும் வெரி குட் சொல்லுங்கள் என்று. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவள் சொன்னாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை சொன்னாள். கடையில் மீதிச் சில்லறை கொடுத்த பெண்ணிடம்கூட ஒருதடவை வாய் தவறி வெரி குட் என்றிருக்கிறாள். நேற்றும் வாய் தவறியதுதானா? இல்லையே. காது கேட்டது, மூளை கேட்டது, வாக்கியத்தில் பிழை இல்லை என்று மூளை சந்தோஷப்பட்டது, வாய் சிரித்தது. எல்லாம் சேர்ந்துதான் செய்தன.

நேற்று இசை வகுப்பறையில் நடந்தது வாய்மொழித் தேர்வு. ஓரத்தில் அறையைச் சூடாக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அந்த வாசனையில் அவளுக்குக் கொஞ்சம் தலைவலி. பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக நின்று ஒவ்வொருவராக உள்ளே வந்து, குனிந்து வணங்கி, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து சின்னச் சின்னக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். எப்படி இருக்கிறாய், என்ன விளையாட்டு பிடிக்கும், குளிர்கால விடுமுறையில் என்ன செய்ய ஆசை. எல்லோரும் ஒரே பதிலை மனப்பாடம் செய்து வந்திருந்தார்கள். ஐ வான்ட் டு ஸ்லீப். ஐ வான்ட் டு ப்ளே கேம்ஸ். வெரி குட், வெரி குட். கோஹாரு வந்தாள். பதினான்கு வயது, நெற்றியில் முடி கண்ணை மறைக்கிறமாதிரி, சட்டைக் கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டபடி. தினமும் இதே பேருந்தில் வருகிறவள், மர ஆலை நிறுத்தத்தில் ஏறி ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள், இறங்கும்போது இவளைப் பார்த்துத் தலையை ஆட்டுவாள், அதற்கு மேல் பேச்சு கிடையாது. எப்படி இருக்கிறாய்? ஐ ஆம் ஃபைன். என்ன விளையாட்டு? ஐ லைக்ட் வாலிபால். லைக்ட் இல்லை கோஹாரு, லைக் என்று பெனிட்டா திருத்தினாள். பிள்ளை கொஞ்சநேரம் மேசையைப் பார்த்துவிட்டு, லைக் என்றாள். விடுமுறையில் என்ன செய்ய ஆசை? ஐ வான்ட் டு டிஸப்பியர். வெரி குட்! என்றாள் பெனிட்டா. சிரித்தாள். புத்தகத்தில் இல்லாத வார்த்தையைத் தானாகக் கண்டுபிடித்துப் போட்டிருக்கிறாளே என்று தங்க நட்சத்திரம் ஒன்றை எடுத்து அவள் அட்டையில் ஒட்டினாள். விரலால் அழுத்தி ஒட்டினாள். கோஹாரு எழுந்து குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். அடுத்த பையன் வந்தான். ஐ வான்ட் டு ஸ்லீப்.

டிஸ்னியாக இருக்கும். சாயங்காலம், காலையில் போட்டுவிட்டுப் போன பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த வாக்கியம் திரும்பி வந்தது. வந்ததிலிருந்து அவள் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிற கயிறு இதுதான். டிஸ்னி என்று சொல்ல வந்திருப்பாள், நாக்கு புரண்டிருக்கும், டோக்கியோ பக்கம் போகிற பிள்ளைகள் எல்லாம் டிஸ்னிலாண்டுக்குத்தானே போகின்றன. டிஸ்னி, பிறகு ஏதோ ஒன்று, ஃபேர், பியர். ஆனால் அப்படியென்றால் டு கோ டு என்று வரவேண்டும். டு-வுக்குப் பிறகு வினைச்சொல் வரவேண்டும் என்று இதே வகுப்புக்கு இவள்தான் பலகையில் எழுதிப் போட்டாள், வினைச்சொல்லுக்குச் சிவப்புச் சாக்பீஸ். சரியாகத்தான் வைத்தாள் பிள்ளை. சிவப்பு இடத்தில் சிவப்பு வார்த்தை. அதற்கு என்ன அர்த்தம் என்று பெனிட்டாவுக்கு இப்போது, பேருந்து ஆற்றுப்பாலத்தில் ஏறுகிறபோது, தமிழில் யோசித்துப் பார்க்கப் பயமாக இருந்தது. இங்கிலீஷில் அது மந்திரவாதியின் முயல், தொப்பிக்குள் போய்விடும், கை தட்டுவார்கள். தமிழில் காணாமல் போவது என்று ஒன்று உண்டு, மூக்குத்தி காணாமல் போகும், வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடுவோம். மறைவது என்று ஒன்று உண்டு. அது சுவரொட்டியில் வருவது, படம் போட்டு, மாலை போட்டு, மறைந்துவிட்டார் என்று. சீ. என்ன நினைப்பு இது காலங்காத்தாலே. ஆறு கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு கரையிலும் பனி, நடுவில் தண்ணீர் மட்டும் கறுப்பு. அவள் கண்ணை எடுத்துக்கொண்டாள். ஓட்டுநர் ஒலிபெருக்கியில் அடுத்த நிறுத்தத்தின் பெயரை மெதுவாகச் சொன்னார். அது இல்லை. இன்னும் இருக்கிறது.

நேற்றே ஏன் சொல்லவில்லை. ராத்திரி தகஹாஷிக்குச் செய்தி அனுப்பக் கைப்பேசியை எடுத்தாள், தட்டினாள், அழித்தாள். என்னவென்று எழுதுவது. உங்கள் மாணவி ஒருத்தி மறைந்துபோக ஆசைப்படுகிறாள், நான் நட்சத்திரம் ஒட்டினேன் என்றா? ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டுகிறாளே என்று நினைக்கமாட்டாரா? இங்கே ஒரு பிள்ளைக்கு ஒன்று என்றால் வகுப்பாசிரியர் வீட்டுக்கே போய் நிற்பார், அக்கம்பக்கத்துத் திரைச்சீலை விலகும், நாளைக்குக் கோஹாரு வகுப்பில் எப்படித் தலை நிமிர்வாள். வெறும் உளறலாக இருந்துவிட்டால்? உளறலாக இல்லாமல் இருந்துவிட்டால்? நான் யார் இதில். உதவிக்கு வந்தவள். வகுப்பில் ஜப்பானிய மொழியில் பேசக்கூடாது என்பது அவளுக்குப் போட்ட விதி, பேசத் தெரியாது என்பது அவளுக்கு இருந்த வசதி. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற சமயம் வேறு. அந்த நினைப்பு குறுக்கே வந்ததும் பெனிட்டா தன்னைத்தானே நறுக்கென்று கிள்ளவேண்டும்போல உணர்ந்தாள். செய்தியை அழித்த அதே நிமிடத்தில்தான் அம்மா கூப்பிட்டாள். துறைமுக அலுவலகத்தில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் அது, பின்னால் ஹாரன் சத்தம். "என்னட்டி, கொரலு ஒரு மாதிரியா இருக்கு? சளியா?" "இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்." "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "என்ன வச்ச?" "பருப்பு வச்சேன்." பருப்பு இல்லை, ஒன்றுமில்லை, அடுப்பே பற்றவைக்கவில்லை. ஆனால் அம்மாவின் கேள்விக்குள்ளேயே பதிலும் இருக்கிறது, அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும், ஐ ஆம் ஃபைன் மாதிரி.

அக்டோபரில் ஒருநாள் இதே பெனிட்டா பல்பொருள் அங்காடியின் வண்டி நிறுத்துமிடத்தில், தள்ளுவண்டிகளைக் கட்டிவைத்திருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். காரணம் என்று ஒன்றும் கிடையாது. உள்ளே போய் உப்பு வாங்கவேண்டும், எது உப்பு எது சர்க்கரை என்று பொட்டலத்தைப் பார்த்துத் தெரியவில்லை, கேட்க வாய் வரவில்லை, வெளியே வந்தாள், நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆட்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள், ரொம்ப மரியாதையாக, ஒரு தூணைச் சுற்றிப் போவதுபோல. அப்போது ஒரு நினைப்பு வந்தது. சாகவேண்டும் என்றில்லை. இப்படியே இல்லாமல் போய்விட்டால் ஒருவருக்கும் வேலை இருக்காதே என்று, சும்மா, காற்று மாதிரி வந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தமிழில் சொல்ல முடியாது. தமிழில் சொன்னால் அது அம்மாவுக்குப் புரிந்துவிடும். சொல்லவேண்டுமென்றால் நமக்குச் சொந்தமில்லாத ஒரு மொழியில்தான் சொல்லவேண்டும், வார்த்தைக்கு ரத்தச் சம்பந்தம் இல்லாத இடத்தில், நாளைக்கு ஊரைவிட்டுப் போகப்போகிற ஒரு ஆளிடம். பெனிட்டாவின் கை கண்ணாடியைத் துடைத்தபடியே நின்றுவிட்டது. அதைத்தானே அந்தப் பிள்ளை செய்திருக்கிறாள். அகராதியைப் பார்த்து, எழுத்துக் கூட்டி, தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து, புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆளிடம் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். லைக்ட் என்றாளே. அது பிழை இல்லை. பிடித்திருந்தது, இப்போது இல்லை. அதையும் திருத்திக் கொடுத்தேன். இரண்டு தடவை கதவைத் தட்டியிருக்கிறாள், இரண்டு தடவையும் நான் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறேன்.

சுரங்கப்பாதை வந்தது. பேருந்துக்குள் மஞ்சள் விளக்கு எரிந்தது, கண்ணாடியில் அவளுடைய முகமே அவளைப் பார்த்தது. வாய் லேசாகத் திறந்து, அசடு மாதிரி. ஆண்டவரே, அந்தப் பிள்ளை நிற்கட்டும். சுரங்கத்தைத் தாண்டினால் மர ஆலைதான். அவள் நின்றால் நான் சொல்வேன். யாரிடம், என்ன, அதெல்லாம் அப்புறம். நிற்காவிட்டால் இறங்கி ஓடுவேன், வீடு எங்கே என்று தெரியாது, கேட்பேன், எந்த மொழியில், எந்த மொழியிலாவது. வெளிச்சம் பளீரென்று அடித்தது. வெள்ளை. ஒன்றும் தெரியவில்லை. அடுக்கி வைத்த மரத்தடிகள் மேல் பனி, தகரக் கூரை, நிறுத்தத்தின் கம்பம். கம்பத்தருகே யாருமில்லை. பேருந்து வேகம் குறைந்து ஓரம் கட்டியபோது கம்பத்துக்குப் பின்னால், ஆலைச் சுவரோடு ஒட்டி, கருநீலக் கோட்டு ஒன்று அசைந்தது. கோஹாரு. தொப்பியிலிருந்த பனியைத் தட்டிவிட்டுக்கொண்டு ஏறினாள், பயணச் சீட்டை எடுத்தாள், வழக்கம்போல ஓட்டுநருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

அப்பாடா என்று உடம்பு முழுக்கத் தளர்ந்தது. பார்த்தாயா, ஒன்றுமில்லை. வந்துவிட்டாள், மூக்கு சிவந்திருக்கிறது, பையில் பொம்மை தொங்குகிறது, எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருக்கிறாள். டிஸ்னிதான். பெனிட்டாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன, பசிகூட எடுத்தது. பள்ளிக்கூடத்தில் இறங்கியதும் சூடாக ஒரு காப்பி குடிக்கலாம் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே இருந்தவளுக்கு அந்த நிம்மதி கொஞ்சம் கொஞ்சமாகக் கசக்க ஆரம்பித்தது. வந்துவிட்டாள், அதனால் சொல்லவேண்டாம் என்கிறாயா? நேற்றும்தான் வந்தாள். முந்தாநாளும் வந்தாள். அக்டோபரில் நீ மறுநாள் வேலைக்குப் போகவில்லையா? பிள்ளைகள் முன்னால் நின்று சிரிக்கவில்லையா? எழுந்திரு. கால் எழவில்லை. எழுந்திருட்டி. பேருந்து திரும்புகிற வளைவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்க் கோஹாருவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளை திடுக்கிட்டுப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டாள்.

தைஜோபு என்று ஒரு வார்த்தை இந்த ஊரில் எல்லோரும் கேட்பது, சரியாக இருக்கிறாயா என்று அர்த்தம். அதற்குப் பதிலும் தைஜோபுதான். அதைக் கேட்கக்கூடாது என்று மட்டும் பெனிட்டாவுக்குத் தெரிந்திருந்தது. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக இங்கிலீஷில் சொன்னாள்: "கோஹாரு, நேற்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. நான் சிரித்தேன். அது தப்பு. என்னை மன்னித்துக்கொள்."

கோஹாரு முன்னால் பார்த்தாள். வைப்பர் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தது. "கிராமர்... ஓகே?" என்றாள் பிள்ளை.

"கிராமர் ஓகே. நீ சொன்னதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சாகவேண்டும் என்று நினைக்கிறாயா?"

கேட்டுவிட்டாள். வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் அந்தக் கேள்வியின் கனம் தெரிந்தது. பிள்ளை தலையை இல்லை என்பதுபோல அசைத்தாள், பிறகு அசைப்பதை நிறுத்தினாள். "ஐ டோன்ட் நோ" என்றாள். வகுப்பில் பதில் தெரியாதவர்கள் எல்லோரும் தப்பிப்பதற்குச் சொல்கிற வாக்கியம், ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை பெனிட்டா கேட்பது. அதற்குள் இவ்வளவு இடம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. "நானும்" என்றாள் அவள். "அக்டோபரில், எனக்கும் அப்படி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை." கோஹாரு முதல்தடவையாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள், உண்மையா என்று சோதிக்கிறமாதிரி. பார்த்தது போதும் என்பதுபோல மறுபடி திரும்பிக்கொண்டாள்.

"தகஹாஷி சென்செயிடம் சொல்லலாமா?"

"நோ."

இவ்வளவு தெளிவாக அவள் ஒரு வார்த்தையும் இதுவரை சொன்னதில்லை. நோ. இப்போது என்ன செய்வது. உன்னை நம்பித்தானே சொன்னாள், அதைக் கொண்டுபோய் இன்னொருவர் கையில் கொடுத்தால் இனி எந்த மொழியிலும் வாய் திறக்கமாட்டாள். சொல்லாமல் விட்டால், நம்பிக்கையைக் காப்பாற்றினேன் என்று எங்கே போய்ச் சொல்லிக்கொள்வது, யாரிடம். பள்ளிக்கூடத்தின் கடிகாரம் தெரிந்தது. "நான் சொல்லத்தான் போகிறேன்" என்றாள் பெனிட்டா. "உனக்குக் கோபம் வரும். இருந்தாலும் சொல்வேன். நீயும் என்கூட வா." நிறுத்தம் வந்ததும் கோஹாரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக இறங்கி, பனியில் விறுவிறுவென்று நடந்து, மற்ற பிள்ளைகளுக்குள் கலந்துபோனாள். தலையை ஆட்டிவிட்டுப் போகவில்லை.

அவளை இழந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் பெனிட்டா ஆசிரியர் அறைக்குள் போனாள். தகஹாஷி சென்செய் கோட்டைக்கூடக் கழற்றாமல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிறுத்தத்திலிருந்து நடக்கும்போது ஒத்திகை பார்த்த நாலைந்து ஜப்பானிய வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. இங்கிலீஷில், நேராக, நட்சத்திரம் ஒட்டியது உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் ரொம்ப வயதானவராகத் தெரிந்தார். இதோ, இது ஒன்றுமில்லை என்று சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர், "கோஹாரு இப்போது எங்கே?" என்று கேட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். அப்போது வாசலில், உள்ளே வரலாமா என்று அனுமதி கேட்கிற வழக்கமான வார்த்தைகள் மெலிந்த குரலில் கேட்டன. வெளியே போடுகிற பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கோஹாரு நின்றிருந்தாள், தரையில் பனி உருகிக்கொண்டிருந்தது. பெனிட்டாவை அவள் பார்க்கவில்லை.

அறையின் ஓரத்தில் விருந்தினருக்காகப் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். தகஹாஷி முதல் பாடவேளையை இன்னொருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்து சும்மா உட்கார்ந்திருந்தார். திடீரென்று கோஹாரு பேச ஆரம்பித்தாள். தன் மொழியில். இவ்வளவு வேகமாக, இவ்வளவு உரக்கப் பேசக்கூடியவளா என்று பெனிட்டாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு வாக்கியம்கூடப் பிடிபடவில்லை. எல்லோரும் என்கிற வார்த்தை வந்தது, வாலிபால் வந்தது, முஷி என்று ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. முஷி என்றால் பூச்சி என்றுதான் அவளுக்குத் தெரியும். இந்தக் குளிரில் என்ன பூச்சி என்று குழம்பினாள். தகஹாஷி அவள் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், பார்த்துப் பார்த்துச் சொன்னார். "அதே சத்தத்தில் இன்னொரு வார்த்தை. கண்டும் காணாததுபோல் விடுவது. வாலிபால் குழுவில் இருக்கும் பெண்கள் எல்லோரும் இவளை அப்படி விட்டுவிட்டார்கள். இலையுதிர் காலத்திலிருந்து. பந்துகூட இவளிடம் வருவதில்லையாம். எனக்குத் தெரியாமல் போயிற்று." கடைசி வாக்கியத்தை அவர் இரண்டு தடவை சொன்னார், இரண்டாவது தடவை ஜப்பானிய மொழியில், கோஹாருவிடம், தலையைத் தாழ்த்தி. பிள்ளை அழுதாள். சத்தமாக, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள், அழுதுகொண்டே மறுபடி பேசினாள். அம்மாவை வரச் சொல்லட்டுமா என்று அவர் கேட்டிருக்கவேண்டும், அம்மா என்கிற வார்த்தை பெனிட்டாவுக்குத் தெரியும். கோஹாரு கொஞ்சம் யோசித்துச் சரி என்று தலையசைத்தாள்.

இனி இங்கே தனக்கு வேலை இல்லை. புரிகிறவர் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், அது போதும், புரியாத முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் அந்தப் பிள்ளைக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். கோபம் வேறு. வகுப்பு மணி அடித்தது. பெனிட்டா சத்தமில்லாமல் எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினாள்.

கோஹாரு பேச்சை நிறுத்தினாள். திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே, இங்கிலீஷில், கொஞ்சம் அதட்டலாகவே சொன்னாள்.

"சிட் டவுன்."

பெனிட்டா உட்கார்ந்தாள்.